ஆற்றின் மேல் வரைந்த பாதை

எங்கள் ஆபீசில் நீல மை செலவே ஆகாது. துபாயில், தேரா பக்கம், க்ரீக் என்ற கடற்கழியிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். வேலை, மேப் வரைவது. விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து மலையையும் மேட்டையும் பாதையையும் கிணற்றையும் மைப் பேனாவால் பிலிம் என்கிற ஒளி ஊடுருவும் தாளில் இறக்க வேண்டும். நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்குப் பழுப்பு மை, பாதைக்கும் வீட்டுக்கும் கறுப்பு, தண்ணீருக்கு நீலம். பழுப்பும் கறுப்பும் பாட்டில் பாட்டிலாகத் தீரும். நீலம் கடற்கரை ஓரத்துக்கு மட்டும்தான். மற்றபடி அந்த நாட்டில் வரைவதற்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது? பாட்டில் மூடியோடு ஒட்டிக்கொண்டு காய்ந்து கிடக்கும். தேவைப்படும்போது திறக்க வராது, நான் அதைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவேன்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். அவள் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாங்கள் இருவருமே கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள். சத்தம் போட்டுப் பேசினால்தான் அலைக்கு மேல் கேட்கும், அந்தப் பழக்கம் ஏசி போட்ட அறையிலும் என்னை விடவில்லை. இப்படிப்பட்டவனுக்குப் பக்கத்து மேஜையில் யார் வாய்த்தார் என்கிறீர்கள்? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மனிதர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய நிதானத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். வரைந்து முடித்ததும் பேனாவின் மூடியை மூடி, துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைப்பார். சட்டைப் பையில் பேப்பரில் சுற்றிய பாதி பிளேடு எப்போதும் இருக்கும். தப்பாக விழுந்த மையைச் சுரண்டி எடுக்கத்தான். ஆபீசில் மலையாளி, பாகிஸ்தானி, எல்லாரும் அவரை ‘அண்ணை’ என்றே கூப்பிட்டார்கள். அது அவருடைய பெயர் என்றே பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

பாதை என்று நாங்கள் எதைச் சொன்னோம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ராஸ் அல் கைமா, ஃபுஜைரா பக்கத்து மலைகளில் வாதி என்று ஒன்று உண்டு. காட்டாறுதான். வருஷத்தில் ஏதோ ஓரிரு நாள் மழை கொட்டினால் வெள்ளம் வரும், மற்ற நாளெல்லாம் வெறும் கூழாங்கல். இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக நிற்பதால் வண்டி போக அந்த ஆற்றுப்படுகையை விட்டால் வேறு வழி கிடையாது. மேலிருந்து எடுத்த படத்தில் வாதி வெள்ளை நாடாவாகத் தெரியும். அதன் நடுவில் டயர் தடம் கறுப்பு நூல் மாதிரி ஓடும். அந்த நூலைக் கண்டால் ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டு விட்டு ஒரு கறுப்புக் கோடு போட வேண்டும். வண்டி போகும் மண் பாதை என்று அதற்கு அர்த்தம். இதுதான் எங்கள் ஆபீஸ் வழக்கம். கை அதற்கே பழகியிருந்தது. ஆறு என்றால் நாங்கள் ஜீப்பில் போகிற இடம்.

ஒரே ஒரு முறை, படத்தைச் சரிபார்க்க அண்ணையும் நானும் அந்த மலைக்குப் போயிருந்தபோது, எங்கோ மேலே பெய்த மழைக்கு வாதி இறங்கி வந்தது. நாங்கள் கரையில் நின்று கருப்பட்டி நிறத்தில் தண்ணீர் பாறையை உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்தோம். காலையில் நாங்கள் வந்த ரோடு அது. மறுநாள் காய்ந்துவிட்டது, நாங்களும் அதிலேயே திரும்பி வந்து, மேப்பில் அதையே பாதை என்று போட்டோம்.

பிறகு எண்ணெய் விலை விழுந்தது. ஊரெல்லாம் கிரேன்கள் சும்மா நின்றன. தொழிலாளர் கேம்புகளில் யாருக்கு விசா கேன்சல் என்பதே பேச்சாக இருந்தது. எங்கள் மேஜைகளும் காலி. எங்களுக்குத் தலைமை வரைவாளர் ஒரு பாலஸ்தீனத்துக்காரர். வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டே பேசுவார், சாம்பல் மட்டும் ஒரு நாளும் பிலிமில் விழுந்ததில்லை. ஒரு காலையில் அவர் நீண்ட தகரக் குழாய்களையும் படப் பெட்டிகளையும் கொண்டுவந்து இறக்கினார். லண்டன் தலைமை ஆபீஸில் இருந்து வந்த வேலை. கனடாவின் வடமேற்குக் கோடியில், சனமே இல்லாத மலைநாட்டில், ஒரு சுரங்கம் தன் மின்சாரத்துக்கு அணை கட்டப் பார்க்கிறதாம். எந்த ஆறு எங்கிருந்து எங்கே போகிறது என்று துல்லியமாக வரைய வேண்டும். நாங்கள் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவதற்கு அதையாவது செய்யட்டும் என்று அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டீரியோஸ்கோப் என்ற இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நிலம் எழுந்து நிற்கும். பாலைவனப் படங்களில் எழுந்து நிற்க அதிகம் ஒன்றும் இருக்காது. இந்தப் படத்தை வைத்துக் குனிந்ததும் நான் தலையைப் பின்னுக்கு இழுத்துவிட்டேன். முகத்தில் இடிக்கிற மாதிரி மலை. முகடு கத்தி முனையாக ஓடியது. அதற்குக் கீழே பனிப்பாறை, மடிப்பு மடிப்பாக, பள்ளத்தாக்கை நிரப்பிக்கொண்டு படுத்திருந்தது. அது முடிகிற இடத்தில் ஆறு தொடங்கியது. ஒரே ஆறாக அல்ல, பத்துப் பதினைந்து வாய்க்காலாக, வலைக்கயிறு பிரிந்தது போல் பிரிந்தும் சேர்ந்தும் ஓடியது. இன்னும் கீழே, மரங்கள் தொடங்கும் இடத்தில் வளைந்து வளைந்து போனது. பழைய வளைவுகளைக் கைவிட்டுப் புது வளைவு போட்டுக்கொண்டது. விட்டுப்போன வளைவெல்லாம் பிறைக் குளங்களாகக் கிடந்தன.

குளங்களைச் சொல்லி முடியாது. அங்கே மண்ணுக்கு அடியில் என்றைக்கும் உறைந்தே இருக்குமாம். தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கி நிற்கிறது. நாகர்கோவிலில் பெய்கிற மழையில் பாதிகூட அங்கே கிடையாது என்று கூட வந்த குறிப்பில் படித்து வாயைப் பிளந்தேன். இருந்தும் எங்கே பார்த்தாலும் தண்ணீர். பெயர்தான் ஒன்றுக்கும் இல்லை. எங்கள் ஊரில் எருமை படுக்கிற குட்டைக்குக்கூடப் பெயர் உண்டு. அங்கே கடல் போல் கிடக்கிற ஏரிக்கு உயரத்தைக் குறிக்கும் ஒரு நம்பர் மட்டும். ஒரு முகட்டில் அண்ணை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தப் பக்கம் விழுகிற தண்ணீர் மேற்குக் கடலுக்குப் போகும், அந்தப் பக்கம் விழுவது வடக்கே உறைந்த கடலுக்குப் போகும். முகட்டின் அகலம் மேப்பில் ஒரு பேனாக்கோடு.

பர் துபாயில் இருந்த ஸ்டேஷனரிக் கடையில் இருந்த நீல மை பாட்டில் அத்தனையையும் வாங்கிக்கொண்டு வந்தோம். கடைக்காரர் சிந்தி, எதற்கு இவ்வளவு என்று கேட்டார். ஆறு வரைய என்றேன். துபாயில் ஏது ஆறு என்று சிரித்தார். வெளியே வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் உள்ளே பனிப்பாறைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். சும்மா சொல்லக்கூடாது, அந்த மாதங்களில் எனக்குக் கோபமே வரவில்லை. விரல் நுனியெல்லாம் நீலமாகத் திரிந்தேன்.

அண்ணைக்கு அது வெறும் வேலை இல்லை. முதல் நாளே, ஷீட்டின் ஓரத்தில் இருந்த ஊரின் பெயரைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய கடைசித் தம்பி அந்தப் பக்கத்தில்தான் இருந்தான். ஜெர்மனி வழியாகக் கனடா போய், அகதி என்று கேஸ் போட்டு, கேஸ் நடக்கிற வரைக்கும் கிடைத்த வேலை என்று ஒரு சுரங்கத்தின் கேம்பில் குசினி உதவிக்கு இருந்தான். அந்த வட்டாரத்தில் சுரங்கம் ஒன்றுதான். அணை கட்டப் பார்த்ததும் அதுதான். சகோதரர்கள் மூன்று பேரில் நடுவில் உள்ளவரை அண்ணை எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் இழந்திருந்தார். மிச்சம் இந்தத் தம்பி.

அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் கடிதத்தைவிடக் கேசட்டில்தான் பேசிக்கொள்வோம். ஒரு பக்கம் முழுக்கப் பேசி, தபாலில் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்போம். தம்பியின் கேசட்டுகளை அண்ணை எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்துதான் கேட்பார். அவர் தங்கியிருந்த ரூமில் ஆறு கட்டில், ஆறு ரேடியோ. என் மனைவி கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பாள். சாப்பிட்டுவிட்டு, டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். ஜன்னலில் பார்த்தால் வெள்ளையாக ஒரு சுவர் மட்டும் தெரிகிறது என்று தம்பி சொல்லியிருந்தான். எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மாதக் கணக்காக இருக்கிறானாம்.

மார்ச் கடைசியில் வந்த கேசட்டில் ஒரு கவலை இருந்தது. மே மாதம் அவனுடைய கேஸ் விசாரணைக்கு வருகிறது. அதற்கு அவன் மலையிலிருந்து ஊருக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துத் தெற்கே பட்டணத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் கேஸை மூடித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பி அனுப்பினால் எங்கே போவான்? அந்த வருஷத்து யாழ்ப்பாணத்துக்குத்தான். கேம்புக்கு வந்து போவது ஒரு சின்ன விமானம். உறைந்த ஏரியில் சறுக்குக் கட்டையோடு இறங்கும், கோடையில் தண்ணீரில் மிதவையோடு இறங்கும். நடுவில் ஐஸ் இளகுகிற வாரங்களில் அது இறங்கவே முடியாது. கடைசி விமானத்தில் மேஸ்திரிமாருக்குத்தான் இடம், குசினிக்காரனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். என்ன செய்கிறது அண்ணை என்று கேட்டு முடித்திருந்தான்.

அண்ணை கவலைப்படவில்லை. அவரிடம்தான் மேப் இருந்ததே. படங்களில் ஒரு வரிசை மட்டும் பனி போகுமுன் எடுத்தது. அதில் ஆறு அகலமான வெள்ளை நாடாவாகக் கிடந்தது. நடுவில் கறுப்பு நூல், கேம்பிலிருந்து ஊர்வரை. பக்கத்தில் ஒரு லாரிகூடப் புள்ளியாகத் தெரிந்தது. அண்ணை பல வாரங்களுக்கு முன்பே அதைப் பார்த்து, விட்டு விட்டு ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தார். நான் பார்த்தேன், மலையாளி பார்த்தான், பாலஸ்தீனத்துக்காரரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எங்கள் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஆற்றில் டயர் தடம் இருந்தால் அது பாதை.

அடுத்த வெள்ளிக்கிழமை, லீவு நாள், சர்ச்சில் பூசை முடிந்து வந்து, எங்கள் ஹாலில் உட்கார்ந்து அண்ணை பதில் கேசட் பேசினார். நான் ஃபேனை நிறுத்தினேன். சத்தம் விழக்கூடாதே.

“தம்பி, நீ இருக்கிற இடத்தை நான் பாத்திட்டன்” என்று தொடங்கினார். “உன்ர குசினியின்ர கூரைகூடத் தெரியுது. பிளேனுக்கு நீ காத்திருக்க வேண்டாம். ஆத்தோட ஒரு றோட்டுப் போகுது, நேர ஊருக்கு. வாகனம் இல்லாட்டி நடந்தெண்டாலும் வா.”

அதோடு விட்டிருக்கலாம். எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்றானே, அது அவர் மனதில் இருந்தது போலும். அந்த நாட்டையே வாயால் வரைய ஆரம்பித்துவிட்டார். உன் ஜன்னலுக்கு முன்னால் நிற்கிற வெள்ளைச் சுவருக்குப் பின்னால் இன்னொரு பள்ளத்தாக்கு இருக்கிறது, அதில் பனிப்பாறை படுத்திருக்கிறது என்றார். ஆற்றோடு வரும்போது வலக்கைப் பக்கம் முழுக்கச் செங்குத்து, இடக்கைப் பக்கம் ஒரு சிற்றாறு வந்து சேருகிற வளைவுக்கு அப்புறம் மலை சாய்வாக இறங்குகிறது என்றார். அந்தச் சாய்வுக்கு மேலே மூக்குக்கண்ணாடி மாதிரி இரண்டு குளம், அதற்கும் அப்பால் ஒரு நீண்ட மேடு, மேட்டின் முடிவில் நின்றால் ஊர் தெரியும் என்றார். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கத்திலும் பாதி போனது. எனக்கு வேர்த்து ஊற்றியது. இவ்வளவு எதற்கு, அவன் என்ன சுற்றுலாவா போகிறான் என்று பிறகு கேட்டேன். அவன் தனிய இருக்கிறவன், கேட்டுக்கொண்டு கிடப்பான் என்றார்.

கேசட் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் முடிகிற சமயம், லண்டனுக்கு அனுப்பியிருந்த பிரதிகள் திருத்தங்களோடு திரும்பி வந்தன. அண்ணையின் ஷீட்டில் திருத்தமே இருக்காது, இந்த முறை ஒன்று இருந்தது. கறுப்புக் கோட்டைச் சுற்றி நீளமாக ஒரு சிவப்பு வட்டம். ஓரத்தில் எழுதியிருந்ததை நான்தான் முதலில் படித்தேன். இது பாதை அல்ல, உறைந்த ஆற்றின் மேல் குளிர்காலத்தில் மட்டும் லாரி போகும் தடம், மே மாதம் ஐஸ் உடைந்துவிடும், நீக்கவும்.

நான் அதை அண்ணையின் மேஜையில் வைத்தேன். அவர் படித்தார். பேனாவை மூடினார், துணியால் துடைத்தார், இருந்த இடத்தில் வைத்தார். பிறகும் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நான் அவனுக்கு றோட்டு இருக்கெண்டு சொல்லிப்போட்டன்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பனிக்காலப் படத்தைத் தூக்கிப் பாலைவனத்துக்காரன் கையில் கொடுத்த லண்டன்காரன் மேலா, கையெழுத்துப் போட்ட தலைமை மேலா, ஆற்றில் லாரி ஓட்டுகிற அந்த நாட்டுக்காரன் மேலா? மேஜையில் குத்தினேன், மை பாட்டில் ஆடியது, ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

“நீர் கத்தாதையும்” என்றார் அண்ணை. “கத்தினா ஐஸ் உருகாம நிக்குமே?”

அன்று மதியமே இருவரும் என் ஃப்ளாட்டுக்குப் போனோம். டெலிபோன் எங்கள் வீட்டில்தான் இருந்தது, மனைவியை ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று வைத்தது. அண்ணையின் மச்சான் ஒருவர் டொரோண்டோவில் இருந்தார். அவரைப் பிடித்து, அவர் அந்த ஊரைப் பிடித்து, அங்கிருந்து ரேடியோவில் கேம்பைப் பிடித்துச் சொல்ல வேண்டும். மறுநாள் காலைதான் பதில் வந்தது. விமானம் நின்றுவிட்டது. குசினிக்காரப் பையன் பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றோடு இறங்கிப் போய்விட்டான். தடுத்துப் பார்த்தார்களாம், என் அண்ணன் மேப்பில் பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்றானாம். ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணை ரிசீவரை மெதுவாக வைத்தார். பிறகு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

அதற்கு அப்புறம் வந்த நாட்களெல்லாம் ஒரே மாதிரி. காலையில் ஆபீசுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வருவார், டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிளேன் டீ குடிப்பார், மணி அடிக்காது, கிளம்புவோம். ஆபீசில் வழக்கம்போல் வேலை செய்தார். லண்டன் சொன்ன மற்றத் திருத்தங்களையெல்லாம் போட்டார். அந்த ஒரு கறுப்புக் கோட்டை மட்டும் தொடவில்லை. சிவப்பு வட்டம் போட்ட பிரதி பக்கத்திலேயே கிடந்தது. பிளேடு சட்டைப் பையிலேயே இருந்தது.

நான் கேட்க வாயெடுத்தேன். மேப்பில் கோட்டைச் சுரண்டினால் அங்கே ஐஸ் உடைந்துவிடுமா, படித்த மனுஷன்தானா நீங்கள் என்று. வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “நீங்க அந்த மனுசன்ட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாது, பாத்துக்கிடுங்க” என்றாள். கேட்கவில்லை. அதைவிடப் பெரிய கூத்து, மறுநாளிலிருந்து நானே அந்த ஷீட்டுக்குக் காவலாகிவிட்டேன். அண்ணை தொழப்போகிறவர் மாதிரி அடிக்கடி எழுந்து வராந்தாவுக்குப் போவார். அப்போதெல்லாம் பிலிமின் மேல் பட்டர் பேப்பரை இழுத்து மூடி, பக்கத்தில் யார் டீ கொண்டு வந்தாலும் பாய்ந்து விழுந்தேன். அந்தக் கோட்டில் ஒரு சொட்டு விழக்கூடாது. ஒரு கீறல் படக்கூடாது.

கூரியர் போக வேண்டிய நாள் வந்தது. தலைமை வரைவாளர் வந்து நின்றார். ஷீட்டைப் பார்த்தார், சிவப்பு வட்டத்தைப் பார்த்தார், இன்னும் ஏன் அழிக்கவில்லை என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு ஏதோ பொய் சொல்ல எழுந்தேன். அண்ணை என்னைக் கையால் அமர்த்திவிட்டு அவரிடம் இங்கிலீஷில் சொன்னார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான். என் தம்பி இந்தக் கோட்டில் நடந்துகொண்டிருக்கிறான், சார். அவன் கரை ஏறியதும் அழித்துவிடுகிறேன்.

பாலஸ்தீனத்துக்காரர் ஷீட்டின் மேல் குனிந்தார். கேம்ப் எது, ஊர் எது என்று மட்டும் விரலால் காட்டிக் கேட்டார். அண்ணை காட்டினார். தான் பிறந்த ஊர் இப்போது எந்த மேப்பிலும் கிடையாது என்று அவர் முன்பு ஒரு தடவை எங்களிடம் சொல்லியிருந்தார். சிகரெட் தீரும்வரை அந்த ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் அறைக்குப் போய் லண்டனுக்கு ஒரு டெலக்ஸ் அடித்தார். நீல மை தீர்ந்துவிட்டது, துபாயில் கிடைக்கவில்லை, அந்த ஷீட் தாமதமாகும். அலமாரியில் எட்டு பாட்டில் நிற்பது அவருக்கும் தெரியும்.

மணி அடித்தது ஒரு காலை நேரத்தில். மனைவி இரவு டியூட்டி முடிந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். அண்ணையின் கையில் டீ. நாங்கள் மூன்று பேரும் டெலிபோனையே பார்த்தோம், யாரும் எடுக்கவில்லை. கடைசியில் அவள்தான் எடுத்தாள். கேட்டாள். ரிசீவரை அண்ணையிடம் நீட்டினாள், நீட்டும்போதே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள்.

அண்ணை ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டார். “ஓம்” என்றார். “ஓமடா” என்றார். நெடுநேரம் கேட்டார். “கால் எப்பிடி, கால் விரல் எல்லாம் இருக்கோ?” என்று ஒரு முறை கேட்டார். டீக் கோப்பையை அவர் கையிலிருந்து நான் வாங்கி வைத்தேன், இல்லாவிட்டால் கொட்டியிருப்பார்.

பிறகு எங்களுக்குச் சொன்னார். தம்பி முதல் பகல் முழுக்க ஐஸின் மேல்தான் நடந்தான். லாரித் தடம் தெளிவாக இருந்ததாம், நல்ல ரோடுதான். இரண்டாம் நாள், சிற்றாறு வந்து சேருகிற வளைவில், ஐஸுக்கு மேலேயே கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. அடியிலிருந்து ஏதோ இறுகி நெரிகிற மாதிரிச் சத்தம் வந்தது. முன்னால் போகவும் பயம், திரும்பவும் பயம். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்போதுதான் அவனுக்குக் கேசட் ஞாபகம் வந்திருக்கிறது. சின்ன டேப்ரெக்கார்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தான், வழித்துணைக்கு அண்ணையின் குரல் என்று. குளிரில் பேட்டரி செத்துப்போயிருந்தது. அதைக் கழற்றி அக்குளில் வைத்துச் சூடாக்கி, திரும்பப் போட்டு, அந்த ஆற்றின் நடுவில் நின்று கேட்டிருக்கிறான். சிற்றாறு சேருகிற வளைவுக்கு அப்புறம் இடக்கைப் பக்கம் மலை சாய்வாக இறங்குகிறது. இடப்பக்கம் பார்த்தான். இறங்கியது. ஓடிப்போய் ஏறினான்.

பாதி ஏறும்போது பின்னால் பீரங்கி மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஆறு அசைந்துகொண்டிருந்ததாம். அவன் நின்ற இடம், லாரித் தடத்தோடு, பெரிய பெரிய பலகையாகத் தூக்கிக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போனது. அதற்கு அப்புறம் அவன் ஆற்றுப் பக்கமே போகவில்லை. பேட்டரியைச் சூடாக்குவதும் கொஞ்சம் கேட்பதும் நடப்பதுமாக, மேடும் குளமுமாக, சேற்றிலும் பனியிலும் விழுந்து எழுந்து, நாலு நாள் கழித்து அந்த நீண்ட மேட்டின் முடிவில் வந்து நின்றான். கீழே ஊர் தெரிந்தது. விசாரணைக்கு இன்னும் நேரம் இருந்தது. மறுநாள் பஸ் ஏறுகிறானாம்.

“நீ சொன்ன மூக்குக்கண்ணாடிக் குளம் அப்பிடியே கிடந்தது அண்ணை எண்டு சொல்றான்” என்றார் அண்ணை. சொல்லிவிட்டு, எங்கள் ஹாலில், டெலிபோன் பக்கத்தில், தோள் குலுங்க அழுதார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கும் அடக்க முடியவில்லை. மனைவி சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

ஆபீசுக்கு அன்று தாமதமாகப் போனோம். அண்ணை பட்டர் பேப்பரை விலக்கினார். பேப்பரில் சுற்றியிருந்த பிளேடை எடுத்தார். பிலிமில் மையைச் சுரண்டுவது அவசரத்தில் ஆகிற வேலை இல்லை. அழுத்தினால் பிலிம் கீறிவிடும், அதன் மேல் மறுபடி மை நிற்காது. கேம்புப் பக்கமிருந்து தொடங்கினார். ஒரு சின்னக் கோடு, சுரண்டி, ஊதி, அடுத்தது. தம்பி நடந்த வழியிலேயே வந்தார். சிற்றாறு சேருகிற வளைவு வந்ததும் பிளேடை நிறுத்தினார்.

“இதிலதான் ஏறினவன்” என்றார். ஆள்காட்டி விரலை அந்த இடத்தில் வைத்தார். நானும் பக்கத்தில் நின்றேன். வளைவிலிருந்து ஊர்வரை மிச்சமிருந்த கோட்டை, யாரும் நடக்காத அந்தக் கோட்டை, பிறகு சுரண்டி முடித்தார்.

தலைமை வரைவாளர் வந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். குனிந்து ஷீட்டைப் பார்த்து, பாதை எங்கே என்று கேட்கிற மாதிரி விரலை ஆற்றின் மேல் ஓட்டினார்.

அண்ணை கடைசித் தூளை ஊதினார்.

“மாஃபி, சார்” என்றார், இல்லை என்பதற்கான அரபியில். “மாஃபி ரோடு.”

பாலஸ்தீனத்துக்காரர் தலையாட்டிவிட்டு, புகைக்காத அந்த மனிதருக்கு ஒரு சிகரெட்டை நீட்டினார். அண்ணை அதை வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். பிறகு அலமாரியைத் திறந்து நீல மை பாட்டிலை எடுத்து, பிளேடு பட்டு லேசாக வெளிறியிருந்த ஆற்றின் கரைக்கோட்டை, அந்த வளைவில், மறுபடி வரைய உட்கார்ந்தார்.